மலைமேல் மனிதர்கள் – 6: ஈட்டிமுனை யாருடையது?

சென்ற வாரம் ஆண்டீஸ் மலையின் குன்கைச்சா பாறைக்குடிலில், 4,480 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்க நின்றிருந்தோம். பனியுகம் முற்றாக விலகும் முன்பே, ஏறத்தாழ 12,400 ஆண்டுகளுக்கு முன், அங்கே ஆட்கள் நெருப்பு மூட்டி, லாமாவின் காட்டு உறவான விகுன்யாவின் இறைச்சியைச் சுட்டுத் தின்றதைப் பார்த்தோம். இப்போது அங்கிருந்து கிழக்கே இறங்கி, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாண்டி, டிடிகாக்கா ஏரியின் மேற்குப்புறச் சமவெளிக்கு வருகிறோம். சமவெளி என்று பெயர்தான். உயரம் 3,925 மீட்டர். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் இச்சு என்ற முரட்டுப்புல், அதை மேயும் லாமாக்கள், இடையிடையே உருளைக்கிழங்கு வயல்கள். பெரு நாட்டின் புனோ பகுதி இது. இங்கே வாழும் ஐமாரா மக்களின் மூலா ஃபசிரி என்ற ஊரை ஒட்டி விலமாயா பாட்ஹா என்ற இடம் இருக்கிறது.

அங்கே பழங்காலக் கற்கள் கிடக்கின்றன என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் காட்டியதால்தான் ஆய்வாளர்கள் வந்தார்கள். 2018-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ராண்டல் ஹாஸ், ஊர் மக்களோடு சேர்ந்து அகழாய்வு தொடங்கினார். ஏறத்தாழ 20,000 தொல்பொருள்கள் கிடைத்தன. பெரும்பாலும் கல் சில்லுகள். அவற்றோடு ஐந்து புதைகுழிகள், அவற்றில் ஆறு பேரின் எச்சங்கள். ஆறில் இருவரோடு மட்டும் வேட்டைக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. அந்த இருவரில் ஒருவரைப் பற்றித்தான் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. ஆய்வாளர்கள் அந்தப் புதைகுழிக்கு இட்ட பெயர் ‘டபிள்யூ.எம்.பி. 6’.

குழியில் எலும்பு அதிகம் மிஞ்சவில்லை. மண்டை ஓட்டுத் துண்டுகள், பற்கள், கால் எலும்புகளின் சில பகுதிகள். ஒன்பதாயிரம் ஆண்டு மழையும் பனியும் மற்றதைத் தின்றுவிட்டன. ஆனால் கற்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. தொடை எலும்பை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாக. மண்ணில் சிதறிப் போன கற்கள் அப்படிக் கிடக்காது. ஏதோ ஒரு பைக்குள் இருந்திருக்க வேண்டும்; தோல்பை மக்கிப் போயிருக்கும், உள்ளே இருந்த கற்கள் பையின் வடிவத்திலேயே தங்கிவிட்டன என்று ஹாஸ் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். குவியலிலும் அதைச் சுற்றியுமாக மொத்தம் 24 கல் பொருள்கள்.

அந்தப் பையைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் ஈட்டிமுனைகள், இருபுறமும் சில்லு பெயர்த்து மெல்லிசாக்கிய கூர்கற்கள், பெரிய விலங்கைக் குத்திச் சாய்க்க. அடுத்து, ஒரு பக்கம் மழுங்க விட்டு மறுபக்கம் கூராக்கிய, கத்தி போன்ற ஒரு சில்லு. தீட்டாத வெறும் சில்லுகள் சில. இவை சாமானியமாகத் தோன்றினாலும், அப்போதுதான் உடைத்த சில்லின் விளிம்புக்கு இணையான கூர்மை வேறெதற்கும் கிடையாது, வயிற்றைக் கீறவும் தோலை உரிக்கவும் அதுவே போதும். கட்டைவிரல் நகம் அளவில் சின்னச் சுரண்டிகள்; உரித்த தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் வழிக்க. கனத்த வெட்டுக்கற்கள்; எலும்பை உடைத்து மச்சை எடுக்க. வழுவழுப்பான தேய்ப்புக் கற்கள். கடைசியாக, செங்காவிக் கட்டிகள். காவியை உடனே சடங்கு, சாந்து என்று கொண்டுபோய்விடத் தோன்றும். ஆனால் பதனிடும் தோலில் காவிப்பொடியைத் தேய்த்தால் தோல் அழுகாமல் நிற்கும். உலகின் பல பகுதிகளில் தோல் பதனிட்டவர்கள் செய்த காரியம் இது.

வரிசையைப் பாருங்கள். சாய்ப்பது, அறுப்பது, உடைப்பது, வழிப்பது, பதனிடுவது. ஒரு விகுன்யாவோ, தாருகா என்ற மலைமானோ விழுந்ததிலிருந்து அதன் தோல் போர்வையாகும் வரைக்கும் என்னென்ன வேண்டுமோ, எல்லாம் அந்த ஒரே பையில்.

தோண்டிய இடத்திலேயே பேச்சு எழுந்துவிட்டது. இவ்வளவு கருவிகளோடு புதைத்திருக்கிறார்கள் என்றால் இவன் பெரிய வேட்டைக்காரனாக இருக்க வேண்டும், தலைவனாகக்கூட இருக்கலாம் என்று குழுவினரே பேசிக்கொண்டார்கள். பிற்பாடு ஹாஸ் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ‘இவன்’ என்பதை அந்த நேரத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

எலும்புகளைப் பரிசோதித்தவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வாட்சன். கால் எலும்பு ஒல்லியாக இருக்கிறது, இது பெண்ணாக இருக்கலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். ஆனால் பால் அடையாளம் காண இடுப்பெலும்புதான் நம்பகமானது. இங்கே அதற்கு வழியில்லை. எனவே பல்லுக்குப் போனார்கள். பல்லின் எனாமல் உருவாகும்போது அமெலோஜெனின் என்ற புரதம் சேர்கிறது. அதை உண்டாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமிலும் இருக்கிறது, ஒய் குரோமோசோமிலும் இருக்கிறது; இரண்டும் தரும் புரதங்களுக்கு இடையே சின்ன வேறுபாடு உண்டு. ஒய் வகைப் புரதம் அகப்பட்டால் ஆண். எக்ஸ் வகை தாராளமாகக் கிடைத்து, ஒய் வகை அறவே இல்லையென்றால் பெண். மரபணு சிதைந்துபோன எச்சங்களிலும் எனாமலுக்குள் இந்தப் புரதம் தப்பிப் பிழைத்திருக்கும் என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. முடிவு வந்தது. 17 முதல் 19 வயதுப் பெண். வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்ட மற்றொருவர் 25 முதல் 30 வயது ஆண்.

2020 நவம்பரில் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. ஹாஸ் குழுவினர் இந்த ஒரு பெண்ணோடு நிற்கவில்லை. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும் அதே காலத்தையும் அதற்கு முந்திய காலத்தையும் சேர்ந்த, ஏற்கெனவே பதிவான புதைகுழிகளையெல்லாம் திரட்டினார்கள். 107 இடங்கள், 429 பேர். அவர்களில் பெருவிலங்கு வேட்டைக் கருவிகளோடு புதைக்கப்பட்டவர்கள் 27 பேர். அந்த 27 பேரில் 11 பேர் பெண்கள். இதிலிருந்து, அன்றைய வேட்டையாடிகளில் 30 முதல் 50 விழுக்காடு வரை பெண்களாக இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அந்தப் பெண் வேட்டையாடினாள் என்பதை நம்புகிறேன். இந்த விழுக்காட்டின் மேல் அவ்வளவு பாரம் ஏற்ற முடியாது. புதைகுழியில் வைத்த பொருள் எல்லாம் புதைந்தவர் கையாண்ட பொருள்தானா? அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆன்சிக் என்ற இடத்தில், ஏறத்தாழ 12,700 ஆண்டுகளுக்கு முன் இறந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தையோடு நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள் கிடைத்தன. அலாஸ்காவில் அப்வர்ட் சன் ரிவர் என்ற இடத்தில், ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முந்திய குழியில் இரண்டு பெண் சிசுக்கள். அவர்கள் பக்கத்திலும் ஈட்டிமுனைகள். சிசு வேட்டைக்குப் போயிருக்காது. அப்பனோ ஆத்தாளோ துக்கத்தில் தன் கையிலிருந்ததை வைத்து அனுப்பியிருக்கலாம். ஆக, குழியில் கிடக்கும் ஈட்டிமுனை சில சமயம் இறந்தவரைப் பற்றிப் பேசும், சில சமயம் புதைத்தவர்களைப் பற்றிப் பேசும். விமர்சகர்கள் எழுப்பிய கேள்வியும் இதுதான்.

பிறகு ஏன் விலமாயா பாட்ஹா பெண்ணை நம்புகிறேன் என்றால், அந்தச் சில்லுகளுக்காகத்தான். காணிக்கை வைப்பவர்கள் பார்க்க அழகான, பெரிய, பிரயாசைப்பட்டுச் செய்த முனைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். உடைத்த சில்லையும் காவிக் கட்டியையும் தேய்ப்புக்கல்லையும் ஒன்றாக யாரும் மரியாதைக்காக வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஓர் ஆள் தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த பையின் உள்ளடக்கம். இன்னொன்றும் இருக்கிறது. மற்றொரு குழியில் வேட்டைக் கருவிகளோடு கிடந்த ஆணைப் பார்த்து, இவை இவனுடையவைதானா, யாராவது அன்பளிப்பாக வைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண் என்று தெரிந்த பிறகுதான் அந்தச் சந்தேகம் பிறந்தது. கேள்வி நியாயமானது, இருவரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சாய்வு ஒரு பக்கம் மட்டும் இருந்ததில்லை. வட பெருவில் கயெஹோன் தெ உவாய்லாஸ் பள்ளத்தாக்கில் கித்தாரெரோ என்ற குகை இருக்கிறது. வறண்ட குகை, நாரும் கயிறும் கூடைத்துண்டும்கூட அழியாமல் கிடைத்த அபூர்வ இடம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் லிஞ்ச் தோண்டினார். 2011-இல் அங்கே கிடைத்த நார்ப்பொருள்களையே நேரடியாகக் காலக்கணிப்பு செய்தபோது அவற்றில் சில 12,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று தெரிந்தது. அதை வெளியிட்டவர்கள், பின்னல் வேலை நடந்திருப்பதால் மலையேறிய முதல் கூட்டத்தில் பெண்களும் இருந்திருக்க வாய்ப்புண்டு என்றார்கள். கல் கிடைத்தால் ஆண், நார் கிடைத்தால் பெண்! முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது நாரிலிருந்து வரவில்லை, நம் வீட்டுப் பழக்கத்திலிருந்து வந்தது.

சரி, ஆளை விட்டுவிட்டுக் கல்லுக்கே வருவோம். ஒரு கூர்கல்லைப் பார்த்து, இது வேட்டைக்கானது என்று எப்படிச் சொல்கிறார்கள்? வடிவம் மட்டும் போதாது. இதே வடிவம் கைப்பிடி போட்ட கத்தியாகவும் இருந்திருக்கலாம். உடைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். வேகமாகப் போய் எலும்பில் மோதிய முனையில் நுனி நொறுங்கி, அங்கிருந்து நீளவாக்கில் ஒரு சில்லு பெயர்ந்து, படிக்கட்டு போல் திடீரென்று நின்றிருக்கும். கையிலிருந்து தவறி விழுந்த கல்லில் அப்படி வருவது அரிது. இன்றைய ஆய்வாளர்கள் தாங்களே முனைகளைச் செய்து, கழியில் பூட்டி, இறந்த விலங்கின் உடலில் எறிந்து, எறிந்ததில் எத்தனை எப்படி உடைகின்றன என்று பார்த்து ஒப்பிட்டிருக்கிறார்கள். கத்தியாகப் பயன்பட்ட கல்லில் தேய்மானம் விளிம்பு நெடுக, உருப்பெருக்கியில் தெரியும்படி மினுமினுப்பாக இருக்கும்.

எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்பதும் ஒரு சேதி. முனை உடைந்தால் நுனி விலங்கின் உடம்போடு போய்விடும், அல்லது காட்டில் விழும். அடிப்பாகம் மட்டும் கழியோடு கட்டியபடி இருக்கும். நல்ல கழி கிடைப்பது மரமில்லாத மேட்டில் லேசான காரியம் இல்லை. ஆகவே கழியை வீட்டுக்குக் கொண்டு வந்து, அடுப்போரம் உட்கார்ந்து, உடைந்த அடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது முனை பூட்டுவார்கள். ஒரு குகையில் அடித்துண்டுகள் குவிந்திருந்தால் அங்கே தங்கிக் கருவியைச் செப்பனிட்டார்கள் என்று பொருள். ஹுனின் புல்வெளியில், 4,300 மீட்டர் உயரத்தில் பச்சமச்சாய் குகையைத் தோண்டிய ஜான் ரிக், 1980-இல் வெளியிட்ட நூலில் கற்கருவிகளின் எண்ணிக்கையையும் வகையையும் வைத்தே, விகுன்யா வேட்டைக்காரர்கள் இங்கே பருவத்துக்குப் பருவம் அலையாமல் ஆண்டின் பெரும்பகுதி தங்கியிருந்தார்கள் என்று வாதாடினார். அலைந்து திரிவதுதான் வேட்டைக்காரனின் விதி என்றிருந்த நினைப்புக்கு அது ஒரு குட்டு.

இன்னொரு சிக்கல், சீவச் சீவக் குறையும் பென்சிலைப் போல ஈட்டிமுனையும் குறையும். நுனி போனதும் தூக்கி எறியாமல் மீண்டும் கூராக்குவார்கள். நீளமாகப் பிறந்த முனை குட்டையாகச் சாகும். இதை மறந்தால், ஒரே வகை முனையின் மூன்று வயதுகளை மூன்று இனத்தார் செய்த மூன்று வகைகள் என்று எழுதிவிடலாம். அந்தக் காலத்து அறிக்கைகளில் இப்படி எழுதப்பட்டவை இல்லாமல் இருக்காது.

இதனால்தான் கழியில் பூட்டப்படும் அடிப்பாகத்துக்கு மதிப்பு. கூராக்கும் கை அடிப்பாகத்தை அதிகம் தொடுவதில்லை. தென் நடு ஆண்டீஸ் மலைப்பகுதிக்கு சிந்தியா கிளிங்க், மார்க் ஆல்டன்டெர்ஃபர் இருவரும் 2005-இல் ஈட்டிமுனைகளின் காலவரிசை ஒன்றை வெளியிட்டார்கள். தோண்டி எடுத்து, கரியை வைத்துக் காலம் கணித்த அடுக்குகளில் எந்த வடிவம் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்ற பட்டியல் அது. கல்லுக்குத் தனக்கென்று கார்பன் காலக்கணிப்பு கிடையாது. பக்கத்தில் கிடக்கும் கரியிடமும் எலும்பிடமும்தான் வயதைக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியல் வந்த பிறகு, வயலில் உழும்போது வெளிப்பட்ட ஒற்றை முனைக்கும் ஏறத்தாழ ஒரு காலம் சொல்ல முடிந்தது.

முனையின் அளவும் பேசும். விலமாயா பாட்ஹா காலத்தில் வில் கிடையாது. எறிகோல் இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீண்ட கோல், அதன் நுனியில் ஒரு கொக்கி. கழியின் பின்புறத்தைக் கொக்கியில் மாட்டி வீசினால் கை நீண்டுவிட்டதற்குச் சமம். வேகமும் தூரமும் கூடும். பின்னாளில் வந்த ஸ்பானியர்கள் இதை எஸ்டோலிக்கா என்றார்கள். எறிகோலில் போகும் கழி கனமானது, அதற்கேற்ப முனையும் அகலம். அம்பு மெல்லியது, கனமான முனையைப் பூட்டினால் தலைகுப்புற விழும். ஆகவே முனைகள் திடீரென்று சிறுத்தால் வில் வந்துவிட்டது என்று ஊகிக்கலாம். டிடிகாக்கா வடிநிலத்தில் கிடைத்த 1,179 முனைகளை லூயிஸ் ஃப்ளோரெஸ் பிளாங்கோ குழுவினர் அளந்து பார்த்ததில், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு சரிவு தெரிந்தது. அதுவரை ஆண்டீஸில் வில் வந்தது 3,000 ஆண்டுகளுக்கு முன் என்றுதான் நினைத்திருந்தார்கள். ஒரு வில்கூடக் கிடைக்காமல், கல்லின் அகலத்தை வைத்தே இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போனார்கள். ஊர்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. வில்லுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் நடக்கிறது.

மலையை விட்டு வட கடற்கரைப் பாலைக்கு இறங்கினால் பைஹான் முனைகள். நீளம், ஒல்லி, நுனி ஊசி போல. அடியில் குறுகிய காம்பு. செய்வதற்கு மிகுந்த திறமை வேண்டும், ஆனால் ஓங்கி எலும்பில் பட்டால் படக்கென்று ஒடியும். இதை வைத்துக்கொண்டு எந்தப் பெருவிலங்கை வேட்டையாடினார்கள் என்று தெரியாமல் பலர் குழம்பினார்கள். அங்கே நெடுங்காலம் ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் குளோத் ஷோஷா, இது பெரிய மீனைக் குத்தும் முனை என்றார். கரையில் நின்று மீனின் உடம்பில் ஆழமாக இறங்க ஊசி நுனி வேண்டும், உறுதியான எலும்பு குறுக்கே வராது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும், முனை என்றதும் நாலுகால் விலங்கைத் தேடிய கண்களைக் கடல் பக்கம் திருப்பினாரே, அதற்காகவே அவர் பெயர் நிற்க வேண்டும்.

மறுபடி விலமாயா பாட்ஹாவுக்கு. 2020-இல் தலைப்புச் செய்தி ஆனது பெண் வேட்டைக்காரி. 2024 ஜனவரியில் அதே ஹாஸ் பங்கேற்ற இன்னொரு கட்டுரை ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்தது. அதற்கு அந்த ஆரவாரம் இல்லை. எனக்கு அதுதான் பெரிய செய்தி. விலமாயா பாட்ஹாவிலும் அதே வட்டாரத்தில் உள்ள சோரோ மிகாயா பாட்ஹாவிலும் புதைக்கப்பட்ட 24 பேரின் எலும்பில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தார்கள். உண்ட உணவின் சுவடு எலும்பில் தங்கும். இறைச்சி அதிகம் தின்றால் கனமான நைட்ரஜனின் அளவு ஏறும். 9,000 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்த மக்களின் சாப்பாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு தாவரம், 20 விழுக்காடுதான் இறைச்சி என்று வந்தது. இறைச்சியையே பிரதானமாகத் தின்று வாழ்ந்தவர்கள் என்றுதான் துறையில் எல்லோரும் எண்ணியிருந்தார்கள், ஹாஸ் உள்பட.

பற்கள் இதை முன்பே கோடி காட்டியிருந்தன. 2017-இல் வாட்சனும் ஹாஸும் சோரோ மிகாயா பாட்ஹா பற்களின் விசித்திரமான தேய்மானத்தைப் பார்த்து, மண் ஒட்டிய கிழங்குகளைப் பல்லால் உரித்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். காட்டு உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் இந்த மேட்டில் ஏராளம். தோண்டும் கழி மரம், மக்கிவிடும். சுமந்து வந்த கூடை மக்கிவிடும். கிழங்கின் தோல் மக்கிவிடும். கல் முனை மட்டும் ஒன்பதாயிரம் ஆண்டு கிடக்கும். தோண்டுபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான், எனவே அங்கே வாழ்ந்தவர்களுக்கு வேட்டைக்காரர்கள் என்று பெயர் வைத்துவிடுகிறோம். 20,000 தொல்பொருள்களும் சேர்ந்து, அந்த மக்களின் வயிற்றில் ஐந்தில் ஒரு பங்கை நிரப்பிய கதையைத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தப் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண் வேட்டைக்குப் போன நாட்களிலும்கூட, திரும்பி வந்து தின்றது அநேகமாகக் கிழங்குதான்.

மீதி நான்கு பங்கின் கதைக்குக் கல் முற்றிலும் ஊமை என்று நினைக்க வேண்டாம். டிடிகாக்கா வட்டாரத்திலேயே ஹிஸ்கைருமோக்கோ என்ற பழைய ஊரில் கிடைத்த 14 அரைகற்களின் பள்ளங்களைக் கழுவி எடுத்த மாவுமணிகளில், சாகுபடி உருளைக்கிழங்கின் மாவு அடையாளம் காணப்பட்டது. அதைச் செய்த கிளாடியா ருமோல்டும் ஆல்டன்டெர்ஃபரும் 2016-இல் வெளியிட்டார்கள். அழகான ஈட்டிமுனைகளை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, அகழாய்வு முகாம்களின் மூலையில் கழுவாமல் போட்டு வைக்கும் அந்த அவலட்சணமான கற்களை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)